யூனிவர்சிட்டி போகாததில் எனக்கு இரண்டு வருத்தம், அதில் ஒன்றைத்தான் சரிசெய்ய முடிந்தது

மலேசியாவில் பதினேழு வயதில் எழுதும் பள்ளி இறுதிப் பரீட்சையான எஸ்.பி.எம். முடிவு வந்துவிட்டால் போதும், எங்கள் பக்கத்தில் கல்யாண வீடு, கோயில், வாட்சாப் குழு என்று எங்கே போனாலும் ஒரே பேச்சுதான். பட்டம் வெறும் காகிதம், கையில் தொழில் இருந்தால் பிழைத்துக்கொள்ளலாம் என்று ஒரு கூட்டம் சொல்லும். பட்டம் இல்லாவிட்டால் பிள்ளையின் வாழ்க்கையே போச்சு என்று இன்னொரு கூட்டம் பயமுறுத்தும். நான் எஸ்.பி.எம்.மோடு நிறுத்திக்கொண்டு பினாங்குத் தீவின் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளில் நெடுங்காலம் வேலை செய்தவள், அப்புறம் நாற்பதை நெருங்கும்போது பகுதிநேரமாகப் படித்துப் பட்டமும் வாங்கியவள். இரண்டு கூட்டம் சொல்வதும் பதினேழு வயதுப் பிள்ளைக்கு உதவாது என்று நினைப்பதால்தான் இதை எழுதுகிறேன்.

நான் தீவுக்கு எதிர்க்கரையில் இருக்கும் பட்டர்வொர்த், பாகான் டாலாமில் வளர்ந்தவள். அப்பா துறைமுகத்திலிருந்து கண்டெய்னர் லாரி ஓட்டினார், சம்பளம் ட்ரிப் கணக்கில். 1997இல் ஆசியப் பொருளாதார நெருக்கடி வந்தபோது சரக்கு குறைந்தது, ட்ரிப்பும் குறைந்தது, அப்பா மத்தியானமே வீட்டுக்கு வந்துவிடும் நாட்கள் கூடிக்கொண்டே போயின. 1998 செப்டம்பரில் அரசாங்கம் ஒரு டாலருக்கு 3.80 ரிங்கிட் என்று கட்டிப்போட்ட செய்தியைப் பார்த்துவிட்டு, "இனிமே சரியாயிரும்" என்றார். அந்த வருடக் கடைசியில்தான் நான் எஸ்.பி.எம். எழுதினேன். முடிவு வருவதற்குள் அவருக்குப் பக்கவாதம் வந்து இடது கையும் காலும் விழுந்துவிட்டன.

யூனிவர்சிட்டிக்கு முந்தைய படிப்பான ஆறாம் படிவத்துக்கு எனக்கு இடம் கிடைத்தது. தம்பி அப்போது இடைநிலைப் பள்ளி, தங்கை தமிழ்ப்பள்ளி. பி.டி.பி.டி.என். என்கிற அரசாங்கக் கல்விக் கடன் 1997இல்தான் ஆரம்பித்திருந்தது, எங்கள் வீட்டில் அதைப்பற்றி யாருக்கும் தெரியாது. தெரிந்திருந்தாலும் அந்தக் கடன் படிக்கிறவரின் செலவுக்குத்தான் வரும், வீட்டில் அரிசி வாங்க வராது. நான் வேலைக்குப் போனேன். தம்பி பின்னாளில் சிந்தோக் உத்தாரா மலேசியப் பல்கலைக்கழகத்தில் கணக்கியல் படித்தான், தங்கை தாதியானாள். அன்றைக்கு எடுத்த முடிவை மறுபடியும் எடுக்கச் சொன்னால் இன்றைக்கும் அதையேதான் எடுப்பேன்.

ஆனாலும் வருத்தம் இருந்தது, பல வருடம். சரியான முடிவெடுத்தவர்களுக்கு வருத்தம் வராது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். எனக்கு வெகுநாள் கழித்துத்தான் புரிந்தது, என் மனதில் இருந்தது ஒரு வருத்தம் இல்லை, இரண்டு. இரண்டையும் சேர்த்துக் குழப்பிக்கொண்டதால்தான் எதற்கு என்ன செய்வது என்றே தெரியாமல் இருந்தேன்.

முதலாவது, வேலையில் வந்து முட்டிய கதவு.

விடிவதற்கு முன் ஃபேக்டரி பஸ் வரும், பாலம் தாண்டி பாயான் லெப்பாஸ். ஆபரேட்டராகச் சேர்ந்து வயர் பாண்டிங் பிரிவுக்குப் போனேன். சிப்பின் மேல் இருக்கும் சின்னஞ்சிறு பட்டைக்கும் அதைத் தாங்கும் சட்டத்துக்கும் நடுவே தங்கக் கம்பியை இணைக்கும் வேலை. கம்பியின் தடிமன் 25 மைக்ரான் அளவில் இருக்கும், தலைமுடியில் பாதிகூட வராது. அறுந்துவிட்டால் மைக்ராஸ்கோப்பில் பார்த்துக்கொண்டே இடுக்கியால் அதைப் பிடித்து ஊசித்துளை போன்ற ஒரு முனைக்குள் கோக்க வேண்டும், மூச்சு விட்டாலும் ஆடும். எனக்கு அந்த வேலை பிடித்துப்போனது. டெக்னீஷியனாக உயர்ந்தேன். 2009, 2010 வாக்கில் தங்கம் விலை ஏற ஏற, தொழிற்சாலைகள் ஒவ்வொன்றாகச் செம்புக் கம்பிக்கு மாறத் தொடங்கின. செம்பு கடினமானது, அழுத்தம் கொஞ்சம் கூடினாலும் கீழே சிப்பில் விரிசல் விழும். காற்றுப் பட்டால் கறுத்துவிடும், அதனால் கம்பி நுனி உருகி உருண்டையாகும் அந்த நொடியில் நைட்ரஜனும் கொஞ்சம் ஹைட்ரஜனும் கலந்த வாயுவை அதன்மேல் பாய்ச்ச வேண்டும். வாயு சரியாக வராவிட்டால் உருண்டை ஒரு பக்கம் சாய்ந்து பிறக்கும், ஒட்டாது. மெஷின் அலாரம் அடிப்பதற்கு முன்பே அந்தச் சாய்வைப் பார்த்து வாயுக் குழாயில் கோளாறு என்று சொல்கிற கண் எனக்கு இருந்தது.

புதிதாகப் பட்டம் வாங்கி வரும் இன்ஜினியர் பிள்ளைகளை முதல் சில மாதம் என்னோடுதான் விடுவார்கள். நல்ல பிள்ளைகள், மரியாதையாகக் கேட்டுக் கற்றுக்கொள்வார்கள். வருடம் போகும், அவர்கள் சீனியர் ஆவார்கள், அவர்களில் ஒருவர் எனக்கு மேலதிகாரியாகவும் வந்தார். நான் அதே கிரேடில் இருப்பேன். கேட்டால் மனிதவளப் பிரிவில் ஒரே பதில்: இன்ஜினியர் கிரேடுக்குக் குறைந்தபட்சத் தகுதி பட்டம், விதி அப்படி. நான் கண்டுபிடித்துச் சொன்ன கோளாறு இன்னொருவர் பெயர் போட்ட அறிக்கையில் மேலே போவதை ஒருமுறை பக்கத்தில் நின்றே பார்த்தேன். அந்த ராத்திரி ஷிப்டு முடிந்து பஸ்ஸில் வீட்டுக்கு வரும்வரை யாரோடும் பேசவில்லை.

இரண்டாவது வருத்தம் வேறு மாதிரி. என்னோடு படித்த தோழி ஆறாம் படிவம் முடித்து கெலுகோர் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தாள். ஓய்வு நாளில் ஒருமுறை அவளைப் பார்க்கப் போனேன். தேசாசிஸ்வா என்பார்கள் அங்கே விடுதியை. தரையில் உட்கார்ந்து மேகியைச் சட்டியோடு நடுவில் வைத்துக்கொண்டு நாலைந்து பெண்கள் ஏதோ ஒரு பாடத்தில் வந்த கேள்வியைப் பிடித்துக்கொண்டு சண்டை போடாத குறையாக வாதாடிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி சொன்னது தப்பு என்று நிரூபணமானது, அவள் சிரித்துவிட்டு, "சரி விடு" என்று அடுத்ததைப் பிடித்தாள். எனக்குள் ஏதோ செய்தது. என் லைனில் தப்பு என்றால் ஒரு லாட் முழுவதும் ஒதுக்கி வைக்கப்படும், யார் ஷிப்டு என்று பெயர் கேட்பார்கள். இவர்களுக்குத் தப்பாக யோசித்துப் பார்க்க மூன்று நான்கு வருடம் நேரம் கொடுத்திருக்கிறார்கள், அதற்காக யாரும் சம்பளத்தில் பிடிக்கப் போவதில்லை. எனக்கு அந்த நேரம் கிடைக்கவில்லை. அதுதான் இரண்டாவது.

முதல் வருத்தத்துக்கு மலேசியாவில் வழி இருக்கிறது, எத்தனை வயதானாலும் இருக்கிறது. இரண்டாவதற்கு இல்லை. நாற்பது வயதில் பட்டம் வாங்கினாலும் பத்தொன்பது வயது திரும்ப வராது. இந்தப் பிரிப்பு தெளிவானதும் எனக்குப் பாதிப் பாரம் இறங்கிவிட்டது.

வழி என்று சொன்னேனே, அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் நம் ஆட்கள் நிறையப் பேருக்கு இது தெரிவதே இல்லை.

ஏப்பல் என்று ஒரு முறை இருக்கிறது. வேலை அனுபவத்தைப் படிப்புத் தகுதியாகக் கணக்கில் எடுக்கும் ஏற்பாடு, எம்.கியூ.ஏ. என்கிற மலேசியத் தகுதி முகவாண்மையின் கீழ் வருகிறது. ஆறாம் படிவ முடிவில் எழுதும் எஸ்.டி.பி.எம். இல்லை, டிப்ளோமா இல்லை, ஆனால் அந்தத் துறையில் வேலை அனுபவம் இருக்கிறது என்றால் ஏப்பல்-ஏ வழியாக நேராகப் பட்டப்படிப்புக்கு விண்ணப்பிக்கலாம். பட்டப்படிப்புக்கு 21 வயது, டிப்ளோமாவுக்கு 20, முதுகலைக்கு 30. ஒரு பரீட்சை உண்டு, அதோடு நீங்கள் என்னென்ன வேலை செய்தீர்கள், எதில் என்ன கற்றீர்கள் என்று காட்டும் ஒரு கோப்பு தயாரிக்க வேண்டும். என்னைக் கேட்டால் பரீட்சையைவிட அந்தக் கோப்புதான் கஷ்டம். காரணம், தொழிற்சாலையில் எடுத்த பயிற்சிக்கெல்லாம் பதிவு கம்பெனி கம்ப்யூட்டரில் இருக்கும், நம் கையில் ஒன்றும் இருக்காது. கம்பெனி மூடினாலோ நாம் விலகினாலோ அத்தோடு போச்சு.

அதனால் இன்றைக்கு வேலையில் இருப்பவர்கள் இன்றைக்கே ஆரம்பியுங்கள். நியமனக் கடிதம், வேலை நிரந்தரமான கடிதம், பதவி உயர்வுக் கடிதம், வருடாந்தர மதிப்பீடு, உள்ளே நடந்த ஒவ்வொரு பயிற்சிக்கும் சான்றிதழ், எல்லாவற்றுக்கும் ஒரு நகல் வீட்டில் இருக்கட்டும். பயிற்சி முடிந்ததும் வெட்கப்படாமல் சான்றிதழ் கேளுங்கள், ஆறு மாதம் கழித்துக் கேட்டால் தேட மாட்டார்கள். கம்பெனியின் வரைபடம், ரகசிய ஆவணம் எதையும் மட்டும் வெளியே எடுக்காதீர்கள், அது பெரிய வம்பு. பழைய கம்பெனிக் கடிதம் தொலைந்து போனவர்களுக்கு ஒன்று சொல்கிறேன்: கே.டபிள்யூ.எஸ்.பி. என்கிற ஊழியர் சேமநிதியின் அறிக்கையில் எந்த முதலாளி எந்த மாதம் பணம் கட்டினார் என்பது வரும். எங்கே எவ்வளவு நாள் இருந்தீர்கள் என்பதற்கு அது நல்ல ஆதாரம்.

பட்டம் வேண்டாம், தொழிலுக்குச் சான்றிதழ் போதும் என்பவர்களுக்கு எஸ்.கே.எம். என்கிற மலேசியத் திறன் சான்றிதழ் இருக்கிறது. ஒன்று முதல் மூன்று வரை சான்றிதழ், நான்காம் நிலை டிப்ளோமா, ஐந்தாம் நிலை உயர் டிப்ளோமா. மறுபடியும் வகுப்பில் உட்காராமல், செய்த வேலையை ஆதாரத்தோடு காட்டி மதிப்பீட்டாளர் மூலம் சான்றிதழ் பெறும் முறைக்கு பி.பி.டி. என்று பெயர், திறன் மேம்பாட்டுத் துறைதான் நடத்துகிறது. வெல்டிங், ஏர்கான், வயரிங், சமையல், தையல், முடி திருத்துவது வரை பலருக்கு இது பொருந்தும். எனக்குத் தெரிந்த ஒரு அண்ணன் ஏர்கான் பழுதுபார்ப்பதில் கெட்டிக்காரர், ஆனால் பெரிய கட்டடங்களின் ஒப்பந்த வேலைக்குச் சான்றிதழ் கேட்பதால் எப்போதும் இன்னொருவருக்குக் கீழ்தான் வேலை செய்தார். பி.பி.டி.யில் எஸ்.கே.எம். எடுத்த பிறகு சொந்தப் பெயரில் விண்ணப்பிக்கிறார். பினாங்கு ஆட்களுக்கு பாயான் லெப்பாஸிலேயே பி.எஸ்.டி.சி. இருக்கிறது, தொழிற்சாலைகளும் மாநில அரசும் சேர்ந்து 1989இல் அமைத்த பயிற்சி மையம், அங்கேயும் விசாரிக்கலாம்.

நான் பட்டம்தான் வேண்டும் என்று முடிவு செய்தேன், கதவு அங்கேதான் பூட்டியிருந்தது. சேர்வதற்கு முன்னால் ஒரு காரியம் செய்தேன், இதைச் சேரப்போகிற எல்லோருக்கும் சொல்வேன். எந்தப் பட்டத்தை இன்ஜினியர் கிரேடுக்கு ஏற்பீர்கள் என்று மனிதவளப் பிரிவுக்கு மின்னஞ்சல் அனுப்பி, பதிலையும் எழுத்தில் வாங்கினேன். ஏனென்றால் எங்கள் லைன் லீடர் அக்கா ஒருவர் கஷ்டப்பட்டு வணிக நிர்வாகத்தில் பட்டம் முடித்துவிட்டு வந்து நின்றபோது, துறை சம்பந்தமில்லை என்று சொல்லிவிட்டார்கள். அவர் அழுததை நான் பார்த்தேன். அதே மாதிரி, மருத்துவம், சட்டம், பொறியியல் போலத் தனி வாரியம் வைத்து நடக்கும் துறைகளுக்கு வேறு விதிகள் இருக்கும், ஏப்பல் இருக்கிறதே என்று பணத்தைக் கட்டிவிடாதீர்கள், முதலில் கேளுங்கள்.

பணத்துக்கு என்ன செய்தேன் என்று கேட்பார்கள். கே.டபிள்யூ.எஸ்.பி.யில் இரண்டாம் கணக்கிலிருந்து, இப்போது செஜாத்ரா கணக்கு என்கிறார்கள், படிப்புக்குப் பணம் எடுக்க முடியும். நான் கொஞ்சம்தான் எடுத்தேன், அது வயதான காலத்துச் சோறு, மொத்தமாக உருவக்கூடாது. மீதியை ஓவர்டைம் பணத்தில் செமஸ்டர் செமஸ்டராகக் கட்டினேன். பகுதிநேரப் படிப்பின் நல்ல விஷயம் இது, கையில் பணம் இருக்கும்போது இரண்டு பாடம், இறுக்கமான சமயத்தில் ஒரு பாடம். வருமான வரி கட்டுகிறவர்கள் தொழில்நுட்பம் சார்ந்த சொந்தப் படிப்புக்கு வருடத்துக்கு 7,000 ரிங்கிட் வரை கழிவு கேட்கலாம், ரசீதை எடுத்து வையுங்கள்.

பன்னிரண்டு மணி நேர ஷிப்டு வேலையில் படிப்பது லேசில்லை, அதை அழகாகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. விடியற்காலை மூன்று மணிக்கு கேன்டீனில் பாதிச் சோற்றை ஒதுக்கிவிட்டு அசைன்மென்ட் எழுதியிருக்கிறேன். மகளுக்குக் காய்ச்சல் வந்த வாரம் ஒரு பாடத்தைக் கைவிட்டேன். கணவர் சமையலை எடுத்துக்கொண்டார், அது இல்லாமல் முடிந்திருக்காது. வீட்டில் யாரும் தோள் கொடுக்காத நிலையில் இருக்கும் பெண்கள் முதலில் அதைப் பேசி முடித்துவிட்டுச் சேருங்கள், சேர்ந்த பிறகு பேசினால் எரிச்சலில்தான் முடியும்.

ஒன்று மட்டும் எதிர்பாராமல் கிடைத்தது. ஞாயிற்றுக்கிழமை வகுப்புகளுக்கு நான் நேரில் போவேன், பலர் ஆன்லைனில் பதிவைப் பார்த்துக்கொள்வார்கள். வகுப்பு முடிந்து ஒரு போலீஸ்காரர், ஒரு மருத்துவமனை ஊழியர், இன்னொரு தொழிற்சாலைச் சூப்பர்வைசர், நான், நாலு பேரும் பக்கத்து நாசி கண்டார் கடையில் உட்கார்ந்து பாடத்தில் வந்ததை வைத்து வாதாடுவோம். அந்த விடுதித் தரைக்கு இது ஈடாகாது, எல்லோரும் மணியைப் பார்த்துக்கொண்டுதான் பேசினோம். இருந்தாலும் அந்த ஒரு மணி நேரத்துக்காகவே நான் வாரம் முழுவதும் காத்திருந்தது உண்டு. பகுதிநேரமாகப் படிக்கிறவர்கள் முடிந்தவரை நேரில் போங்கள்.

பட்டம் முடிந்ததும் பத்து காவானில் ஒரு தொழிற்சாலையில் பிராசஸ் இன்ஜினியர் வேலை கிடைத்தது. சம்பளம் கூடியது, அறிக்கையில் என் பெயர் வருகிறது. முதல் வருத்தம் தீர்ந்தது. இரண்டாவது இருக்கிறது, எப்போதாவது தோழிகள் விடுதிக் காலத்தைப் பேசிச் சிரிக்கும்போது தலை காட்டும். அதை ஒழிக்க நான் முயற்சி செய்வதில்லை. அந்த நேரத்தைக் கொடுத்துத்தான் தம்பி தங்கை படித்தார்கள், எங்கே போனது என்று எனக்குத் தெரியும்.

இப்போது தம்பி மகன் எஸ்.பி.எம். முடித்திருக்கிறான், மோட்டார் சைக்கிள் எடுத்துச் சாப்பாடு டெலிவரிக்குப் போகிறேன், படிப்பு வேண்டாம் என்கிறான். என்னிடம் வந்து, "அத்தை, நீங்களே எஸ்.பி.எம்.மோட வேலைக்குப் போனவங்கதானே, நல்லாத்தானே இருக்கீங்க" என்றான். அதே வாரம் தம்பியும் போன் பண்ணினான். "அக்கா, நீ எங்களுக்காக விட்ட. இவன் எதுக்காக விடுறான்னு கேளு" என்றான். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது, ஆனாலும் அந்தக் கேள்வியைத்தான் பையனிடம் கேட்டேன், திட்டுவதற்காக இல்லை, பதில் தெரிய வேண்டும் என்பதற்காக. அவனுக்குப் பதில் இல்லை. பாடம் சலித்துவிட்டது, நண்பர்கள் சம்பாதிக்கிறார்கள், அவ்வளவுதான்.

படிப்பை விட்டு முன்னுக்கு வந்தவர் என்று பில் கேட்ஸைச் சொன்னான். அவர் விட்டு வந்தது ஹார்வர்டை, அப்பா வழக்கறிஞர், விழுந்தால் தாங்க ஒரு வீடு இருந்தது. அவர் விட்டதையும் நான் விட்டதையும் இவன் விடப்போவதையும் ஒன்றாகப் பேச முடியாது. வீட்டில் அடுப்பு எரியாத நிலை என்றால் நானே அவனுக்கு மோட்டார் வாங்க முன்பணம் கொடுத்திருப்பேன். அப்படி ஒரு நிலை இல்லை. அவனுக்கு நேரம் இருக்கிறது, எனக்குக் கிடைக்காத அதே நேரம். அதைச் சலிப்புக்காக விட்டுவிடாதே என்று கெஞ்சாத குறையாகச் சொன்னேன். புத்தகம் பிடிக்காவிட்டால் பெர்மாத்தாங் பாவ்வில் பாலிடெக்னிக் இருக்கிறது, கையால் செய்யும் படிப்பு. செலவு பயம் என்றால் ஆறாம் படிவம் இருக்கிறது, மூன்று செமஸ்டர், ஒன்றரை வருடம், தனியார் கல்லூரியோடு ஒப்பிட்டால் செலவு ஒன்றுமே இல்லை, எஸ்.டி.பி.எம்.மை எங்கேயும் மதிக்கிறார்கள். எதுவும் முடியாது, வேலைக்குத்தான் போவேன் என்றால் முதலாளி கே.டபிள்யூ.எஸ்.பி. கட்டுகிற, ஏதாவது ஒரு தொழில் கற்றுக்கொடுக்கிற இடத்துக்குப் போ, முதல் நாளிலிருந்து கடிதங்களைச் சேர்த்து வை என்றேன். டெலிவரியில் இந்த மாதம் கையில் நிறையப் பணம் வரலாம், ஆனால் ஐந்து வருடம் கழித்து ஏப்பல் கோப்பில் வைக்க அதிலிருந்து என்ன கிடைக்கும் என்று அவனையே யோசிக்கச் சொன்னேன்.

பாலிடெக்னிக்குக்கு விண்ணப்பித்திருக்கிறான். பதில் வரும்வரை டெலிவரிக்குப் போகட்டும் என்று தம்பியும் விட்டுவிட்டான்.

முப்பது, நாற்பது வயதில் இதைப் படித்துக்கொண்டு நமக்கு இனிமேல் என்ன என்று யோசிப்பவர்கள், இணையத்தில் தேடிக்கொண்டே இருக்காமல் ஒரு நாள் லீவு போட்டு நேரில் போய்க் கேளுங்கள். ஜார்ஜ்டவுனில் ஜாலான் சுல்தான் அகமட் ஷாவில் வவாசான் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் இருக்கிறது, பகுதிநேரமாகப் படிக்க வேறு இடங்களும் உண்டு, இரண்டு மூன்றில் விசாரித்து ஒப்பிடுங்கள். எஸ்.பி.எம். சான்றிதழ், அடையாள அட்டை, கே.டபிள்யூ.எஸ்.பி. அறிக்கை, கையில் இருக்கும் வேலைக் கடிதங்கள், எல்லாம் ஒரு கோப்பில் போட்டு எடுத்துப் போங்கள். மொத்தக் கட்டணம் எவ்வளவு, ஒரு செமஸ்டர் நிறுத்தி வைத்தால் அபராதம் உண்டா, வகுப்பு ஷிப்டு நாளில் விழுந்தால் என்ன செய்வது, இந்த மூன்றையும் பணம் கட்டுவதற்கு முன்பே கேட்டு, எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.